தலைப்பிள்ளைக்கு முழுத் தள்ளுவண்டித் தொகுப்பு வேண்டுமா? கடற்கரை ஊர்க்காரர்கள் சொல்லுங்கள்

தேவிபட்டினத்தான்:
அனைவருக்கும் வணக்கம். என் மனைவிக்கு இது எட்டாம் மாதம், தலைப்பிரசவம். ஆனி முதல் வாரத்தில் நாள் சொல்லியிருக்கிறார்கள். பிள்ளை பிறந்த பிறகு மூன்று மாதம் தங்கச்சிமடத்தில் தாய்வீட்டில் இருப்பார். அதன் பின் தேவிபட்டினத்துக்கு வந்துவிடுவார். துபாயில் வேலை பார்க்கும் என் மைத்துனர் அடுத்த மாதம் விடுப்பில் வருகிறார். வரும்போது பிள்ளைக்கு ‘டிராவல் சிஸ்டம்’ ஒன்று வாங்கி வருவேன் என்று உறுதியாக நிற்கிறார். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: சக்கரம் வைத்த ஒரே சட்டத்தின் மேல், முதல் ஆறு மாதத்துக்குத் தட்டையான படுக்கைத் தொட்டியையும், பிறகு உட்காரும் இருக்கையையும், காரில் போகும் நாளில் பிள்ளைக்கான தனிக் கார் சீட்டையும் மாற்றி மாற்றிப் பூட்டிக்கொள்ளலாம். அவர் பார்த்து வைத்திருப்பது நம் பணத்தில் 38,000 ரூபாய். சட்டமும் இருக்கையும் மட்டுமே 13 கிலோ எடை.

எங்களிடம் 2015-இல் வாங்கிய சிறிய கார் ஒன்றும் பைக் ஒன்றும் உள்ளன. வீட்டு வாசலிலிருந்து தார்ச்சாலை வரை ஏறத்தாழ 150 அடி குறுமணல்; மாமனார் வீட்டிலும் ஏறக்குறைய அப்படித்தான். பிள்ளையை மதுரைக்குப் பலமுறை கொண்டுபோக வேண்டிவரும். இங்கே தள்ளிக்கொண்டு போவதற்குச் சாலை எங்கே இருக்கிறது என்று என் அம்மா கேட்கிறார். வாங்கச் சொல்வதா, வேண்டாம் என்பதா என்று எனக்குத் தெரியவில்லை.

சாயல்குடி பெரியவர்:
தம்பி, உங்கள் அம்மா கேட்பது நியாயமான கேள்வி. நான் பனங்காட்டுக்குள் வளர்ந்தவன். நான்கு பிள்ளைகளையும் ஏழு பேரப்பிள்ளைகளையும் பார்த்தவன். நாற்பது நாள் வரை வீட்டுக்குள், பிறகு தூளி, கழுத்து நின்ற பின் இடுப்பு, ஒன்பதாம் பத்தாம் மாதத்தில் நடைவண்டி என்று எங்கள் வீட்டில் ஒவ்வொரு பருவத்துக்கும் ஒன்று இருந்தது. அவற்றில் எதற்கும் ஐந்நூறு ரூபாய்க்கு மேல் ஆனதில்லை. தாயின் உடல் சூடு பட்டு, அவள் குரலைக் காதருகே கேட்டு வளர்கிற பிள்ளையைத் தனியே ஒரு தொட்டிக்குள் கிடத்தி நான்கு சக்கரத்தில் தள்ளுவது எனக்கு மனதுக்கு ஒப்பவில்லை. காரில் போகும்போதும் தாய்மடியை விடப் பத்திரமான இடம் எது? அந்தப் பணத்தைப் பிள்ளை பெயரில் அஞ்சலகத்தில் போடுங்கள். பெண் பிள்ளையாக இருந்தால் செல்வமகள் சேமிப்புக் கணக்கைத் தொடங்குங்கள். பதினெட்டு வயதில் அது கைகொடுக்கும். துருப்பிடித்த வண்டி கைகொடுக்காது.

மண்டபம் செவிலி:
ஐயா, தூளியையும் இடுப்பையும் பற்றி நீங்கள் எழுதியதில் எனக்கு மறுப்பு இல்லை. நான் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். எடை குறைந்து பிறக்கும் பிள்ளையைத் தாயின் நெஞ்சோடு சேர்த்துக் கட்டி வைக்கும் ‘கங்காரு தாய்’ முறையைக் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகர மருத்துவர்கள் 1970-களின் இறுதியில் தொடங்கினார்கள். இன்று உலக சுகாதார நிறுவனமே அதைப் பரிந்துரைக்கிறது. உடல் சூட்டைப் பற்றி நீங்கள் சொல்வது வெறும் பழம்பேச்சு அல்ல.

ஆனால் தாய்மடியைப் பற்றிய அந்த ஒரு வரியை நான் அப்படியே விட்டுவிட முடியாது. கார் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போய் எதன் மீதாவது மோதி, ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மடியில் இருக்கும் 4 கிலோ பிள்ளை அந்தக் கணத்தில் 50 கிலோவுக்கும் மேலான மூட்டையைப் போல முன்னே பாயும். எந்தத் தாயின் கைக்கும் அதைப் பிடித்து நிறுத்தும் வலு கிடையாது. அது அன்புக் குறைவு அல்ல, எலும்பும் தசையும் அவ்வளவுதான் தாங்கும். தாயும் பெல்ட் போடாமல் இருந்தால் அவருடைய எடையே பிள்ளையை நசுக்கிவிடும். சட்டமும் இதைச் சொல்கிறது: 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவின்படி, 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளையைப் பெல்ட்டாலோ பிள்ளைகளுக்கான தனி இருக்கையாலோ கட்டாமல் கார் ஓட்டினால் 1,000 ரூபாய் அபராதம். அபராதத்துக்காக நான் இதைச் சொல்லவில்லை. உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் நடுவே அந்த நேர்ச்சாலையில் சுற்றுலா வண்டிகள் வருகிற வேகத்தைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ஆகவே தம்பி, கார் சீட்டை மட்டும் கட்டாயம் வாங்குங்கள். பின் இருக்கையில், பிள்ளையின் முகம் வண்டியின் பின்பக்கம் பார்க்கும்படி பூட்ட வேண்டும். காற்றுப்பை வேலை செய்யும் முன் இருக்கையில் ஒருபோதும் அப்படி வைக்கக் கூடாது. மற்ற இரண்டையும், அதாவது சக்கரச் சட்டத்தையும் படுக்கைத் தொட்டியையும், நான் வேண்டாம் என்றே சொல்வேன். காரணம் இருக்கிறது.

ஒரு முறை தடுப்பூசி நாளில், எங்கள் நிலையத்துத் திண்ணை ஓரமாக இப்படிப்பட்ட ஒரு வண்டி நின்றது. சட்டத்தின் மேல் கார் சீட்டைப் பூட்டி, அதிலேயே இரண்டு மாதப் பிள்ளையைத் தூங்க வைத்திருந்தார்கள். வெயில் படாமல் இருக்க மேலே ஒரு துப்பட்டாவைப் போர்த்தியிருந்தார்கள். நான் துணியை விலக்கியபோது பிள்ளையின் தாடை நெஞ்சில் பதிந்திருந்தது. நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது. ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவுக்குக் கீழே ஒரு குழி விழுந்து எழுந்தது. தூக்கித் தோளில் சாய்த்த உடனே மூச்சு சீராகிவிட்டது. அந்தத் தாய் கவனக் குறைவானவர் அல்லர். பிள்ளையை எழுப்பாமல் காரிலிருந்து அப்படியே இறக்கலாம் என்று விற்றவர் சொன்னதை நம்பியவர். கார் சீட் பயணத்துக்கான இருக்கை. அதைத் தூங்கும் படுக்கையாக ஆக்கக் கூடாது. தொடர்ந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் அதில் வைக்கக் கூடாது. பிறந்து சில வாரமே ஆன பிள்ளைக்கு அரை மணிக்கு ஒரு முறை பார்த்து எடுப்பது நல்லது. தங்கச்சிமடத்திலிருந்து மதுரைக்குப் போவதானால் வழியில் பல இடங்களில் நிறுத்தி, பிள்ளையை வெளியே எடுத்துப் பால் கொடுத்துவிட்டுப் போங்கள். அவசரப்படும் பயணமே வேண்டாம்.

நடுத்தெரு உம்மா:
செவிலி அக்கா சொன்ன அந்தக் காட்சியைப் படித்தபோது எனக்கும் நெஞ்சு பதறியது. ஆனாலும் அவருடைய முடிவோடு நான் ஒத்துப்போகவில்லை. அந்தத் தவறு தொகுப்பின் தவறு அல்ல. தொகுப்பில் இருந்த படுக்கைத் தொட்டியைப் பயன்படுத்தாததால் வந்த தவறு. அந்தத் தொட்டியில் பிள்ளை நேராக மல்லாந்து படுக்கிறது, தாடை நெஞ்சில் இடிப்பதில்லை. கார் சீட்டை வாங்கிவிட்டுத் தொட்டியை வேண்டாம் என்றால், கடைசியில் எல்லோரும் கார் சீட்டிலேயே பிள்ளையைத் தூங்க விடுவார்கள். ஆபத்து அங்கேதான் கூடுகிறது.

நான் கீழக்கரை. என் கணவர் ஆண்டில் பதினோரு மாதம் அபுதாபியில் இருப்பார். முதல் பிள்ளை அறுவைச் சிகிச்சையில் பிறந்தான். பிள்ளையின் எடைக்கு மேல் எதையும் தூக்காதே என்று சொல்லி அனுப்பினார்கள். எங்கள் தெரு குறுகலானது, ஆட்டோ உள்ளே திரும்பாது. ஆனால் கல் பதித்த தெரு. நாற்பது கழிந்ததும் பிள்ளையைத் தொட்டியில் கிடத்தி, பாலும் துணியும் கீழே இருக்கும் கூடையில் வைத்து, நானே மருத்துவரிடம் போய் வந்தேன். யாரையும் அழைக்க வேண்டியதில்லை, யாருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை. அந்த நாட்களில் எனக்கு அது எவ்வளவு பெரிய விடுதலையாக இருந்தது என்பதை வார்த்தையில் சொல்ல என்னால் முடியாது. தூக்குவதற்குக் கொழுந்தியாள், மாமி, பெரியம்மா என்று வீடு நிறைய ஆள் இருக்கிறவர்கள் இடுப்பே போதும் என்று சொல்லலாம் பெரியவரே. உங்கள் ஏழு பேரப்பிள்ளைகளையும் பெரும்பாலும் தூக்கியது யாருடைய இடுப்பு என்று தயவு செய்து ஒரு முறை நினைத்துப் பாருங்கள்.

இரண்டாம் பிள்ளைக்கும் அதே வண்டிதான். ஆறு ஆண்டு உழைத்தது.

உச்சிப்புளி பட்டறை:
லாத்தா சொல்வது கீழக்கரைத் தெருவுக்குச் சரி. கேட்டவர் வீட்டு வாசலில் இருப்பது மணல். நான் சைக்கிளும் இருசக்கர வண்டியும் பழுது பார்க்கிறவன். கடந்த சில ஆண்டுகளில் பிள்ளைத் தள்ளுவண்டிகளும் என்னிடம் வருகின்றன. எதனால் வருகின்றன என்று சொன்னால் வாங்குபவர்களுக்குப் பயன்படும்.

போன மாதம் வந்த வண்டியின் முன்சக்கரம் திரும்பவில்லை. பார்க்கப் புதிது போலவே இருந்தது. துணியில் ஒரு கறை கிடையாது. சக்கரத்தைக் கழற்றி அச்சைத் தட்டி எடுத்தேன். ஈரமான பழுப்புச் சாந்து அதில் அப்பியிருந்தது. அரைத்த மஞ்சளைப் போல விரலில் ஒட்டியது, தேய்த்தால் நறநறவென்றது. துருவும் மணலும் கலந்த சாந்து அது. சட்டம் அலுமினியம் என்பதால் துருப்பிடிக்காது என்று விற்கிறார்கள், அது உண்மைதான். ஆனால் அச்சும் ஆணியும் சுருள்வில்லும் இரும்பு. இரும்பு ஆணி அலுமினியத்தைத் தொடும் இடத்தில் உப்பு ஈரம் பட்டால் அலுமினியமே வெள்ளைத் தூளாகப் பூத்து அரித்துப்போகும். மடக்கும் மூட்டு அப்படி அரித்து ஆடத் தொடங்கிய வண்டியில் நான் என் வீட்டுப் பிள்ளையை வைக்கமாட்டேன்.

அடுத்தது சக்கரம். முன்னால் இரட்டை இரட்டையாக வரும் ஆறங்குலப் பிளாஸ்டிக் சக்கரம் குறுமணலில் நான்கடி கூடப் போகாது. சுழன்று குறுக்கே திரும்பி உழும். பின்சக்கரமாவது பத்து அங்குலத்துக்குக் குறையாமல், அகலமாக இருக்க வேண்டும். முன்சக்கரத்தை நேராகப் பூட்டும் வசதி இருக்க வேண்டும். காற்றடைத்த சக்கரம் மணலில் நன்றாகத்தான் போகும். ஆனால் நம் பக்கம் சீமைக்கருவேல முள் கிடக்காத பாதை எது? வாரம் ஒரு முறை டியூப் ஒட்ட வேண்டிவரும், அந்த அளவில் டியூபும் இங்கே எளிதில் கிடைக்காது. உள்ளே நுரை நிரப்பிய கெட்டிச் சக்கரமே நமக்கு ஏற்றது. மணலில் மாட்டிக்கொண்டால் தள்ளாதீர்கள். வண்டியைத் திருப்பி, பெரிய சக்கரம் முன்னே வரும்படி உங்களை நோக்கி இழுத்துக்கொண்டு பின்னால் நடங்கள், வந்துவிடும்.

கடற்கரைக்குப் போய் வந்த அன்றே துணியை நல்ல தண்ணீரில் நனைத்து அச்சு, மூட்டு, பெல்ட் பூட்டு எல்லாவற்றையும் துடையுங்கள். நம் ஊர்களில் நல்ல தண்ணீரின் அருமை எனக்குத் தெரியும், அரை வாளி போதும். எந்திர எண்ணெய் விடவே கூடாது. எண்ணெயில் மணல் ஒட்டி அதுவே அரமாகி அறுக்கும். சிலிக்கோன் தெளிப்பான் விடலாம்.

ஒரு செய்தி, எனக்குப் பிடித்தது என்பதால் சொல்கிறேன். குடை போல மடங்கும் இலேசான தள்ளுவண்டியை 1965-இல் உருவாக்கியவர் ஓவன் மெக்லாரன் என்ற ஆங்கிலேய விமானப் பொறியாளர். ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் இறங்குசக்கர வேலையில் இருந்தவர். அந்த அனுபவத்தைத்தான் பேரப்பிள்ளையின் வண்டிக்குப் பயன்படுத்தினார். கனத்த வண்டியால் தாய்மார் படும் பாட்டைப் பார்த்து எடை குறைக்க வேண்டும் என்று அவர் உழைத்தார். அறுபது ஆண்டு கழித்து நாம் திரும்பவும் 13 கிலோவை வாங்குவதா என்பதே என் கேள்வி. லாத்தா, பிள்ளையின் எடைக்கு மேல் தூக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பப்பட்ட ஒரு தாய் அந்த 13 கிலோவைக் காரின் டிக்கியில் எப்படி ஏற்றுவார்?

நடுத்தெரு உம்மா:
நல்ல கேள்வி தம்பி, நேர்மையாகப் பதில் சொல்கிறேன். நான் தனியாக இருந்தபோது காரில் ஏற்றியதே இல்லை. வீட்டு நடையிலேயே விரித்தபடி நிற்கும், அங்கிருந்து தள்ளிக்கொண்டு போவேன். காரில் போகும் நாளில் டிரைவரோ என் தம்பியோ ஏற்றுவார்கள். படி ஏறி இறங்க வேண்டிய வீடாக இருந்திருந்தால் எனக்கும் அது பயன்பட்டிருக்காது.

ஆனால் இலேசான வண்டி என்று சொல்லிக் குடைவண்டியைக் கைகாட்டாதீர்கள். அவற்றில் பெரும்பாலானவை ஆறு மாதத்துக்கு மேற்பட்ட, தானே உட்காரும் பிள்ளைக்கானவை. பிறந்த பிள்ளைக்கு முதுகு தட்டையாகச் சாயாத இருக்கை ஆகாது. அதோடு கச்சான் எனும் தென்மேற்குக் காற்றை மறந்துவிட்டீர்கள். இந்தப் பிள்ளை ஆனியில் பிறக்கிறது. ஆனி, ஆடி, ஆவணி மூன்று மாதமும் தீவில் காற்று எப்படி அடிக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? பாம்பன் பழைய ரயில் பாலத்தில் காற்று மிஞ்சினால் வண்டியை நிறுத்திவைக்க ஏற்பாடே இருந்தது. மேற்கூரையை விரித்து, கைப்பிடியில் பையையும் தொங்கவிட்ட ஆறு கிலோ வண்டி அந்தக் காற்றில் மல்லாந்துவிடும். எடை எல்லா இடத்திலும் குறை அல்ல.

மண்டபம் செவிலி:
நடுத்தெருத் தங்கைக்கு ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்: தட்டையான தொட்டியை விட்டுவிட்டுக் கார் சீட்டை மட்டும் சட்டத்தில் பூட்டுவதே ஆபத்து என்று அவர் சொன்னது சரி. நான் அந்த இடத்தில் போதிய கவனத்தோடு எழுதவில்லை.

ஆனால் அதே கச்சானை நான் வேறு விதமாகப் பார்க்கிறேன். அந்த மூன்று மாதமும் காற்றோடு பொடிமணல் பறக்கும். தனுஷ்கோடி சாலையையே அது மூடிவிடுகிறது. தள்ளுவண்டியில் பிள்ளையின் முகம் தரைக்கு நெருக்கமாக, மணல் பறக்கும் மட்டத்தில் இருக்கும். கொதிக்கிற தார்ச்சாலையின் அனலும் அந்த மட்டத்தில்தான் அதிகம். மணலுக்காகவும் வெயிலுக்காகவும் துணியைப் போர்த்தினால் உள்ளே காற்றோட்டம் நின்று சூடு ஏறும்; மெல்லிய மல் துணியானாலும் ஏறும். தொட்டி உங்களுக்குப் பயன்படுவது ஏறத்தாழ ஆறு மாதம், பெரும்பாலும் பிள்ளை 9 கிலோ ஆகும் வரை. அந்த ஆறு மாதத்தில் மூன்று மாதம் கச்சான், பிறகு வடகிழக்குப் பருவமழை. வெளியே எடுத்துப் போகும் நாள் எத்தனை இருக்கும்?

எனவேதான் நெஞ்சோடு கட்டும் துணியைச் சொல்கிறேன். நான்கரை முழப் பருத்தித் துணி போதாது, நீளமான பழைய பருத்திப் புடவை வேண்டும். கட்டிப் பழக ஒரு வாரம் ஆகும். இறுக்கமாக இருக்க வேண்டும். குனிந்தால் பிள்ளையின் உச்சியில் முத்தமிடும் உயரத்தில் இருக்க வேண்டும். முகம் எப்போதும் உங்கள் கண்ணில் பட வேண்டும். தாடைக்கும் நெஞ்சுக்கும் நடுவே விரல் போகும் இடைவெளி வேண்டும். முதுகு நேராகத் தாங்கப்பட வேண்டும். முழங்கால் இரண்டும் இடுப்பை விட உயர்ந்து தவளை போல விரிந்திருக்க வேண்டும். வெயில் நாளில் இருவருக்கும் வியர்க்கும் என்பதால் பிள்ளைக்கு உள்ளே ஒற்றைச் சட்டை போதும். அறுவைச் சிகிச்சை ஆனவர்கள் தையல் ஆறும் வரை, மருத்துவரைக் கேட்காமல் இதைக் கட்டக் கூடாது. அதுவரை தந்தை கட்டிக்கொள்ளலாம். தந்தை கட்டிக்கொண்டு நடப்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

சாயல்குடி பெரியவர்:
செவிலியம்மா கணக்குப் போட்டுக் காட்டியதை என் மகனிடம் படித்துக் காட்டினேன். காரில் மடியில் வைப்பதைப் பற்றி நான் எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஆனால் இங்கே பெரும்பாலோரிடம் இருப்பது பைக்தான். முன்னால் பெட்ரோல் தாங்கி மேல் ஒரு பிள்ளை, நடுவில் ஒரு பிள்ளை, பின்னால் கைக்குழந்தையோடு தாய். கார் சீட்டைப் பற்றிப் பேசுகிற நீங்கள் அவர்களுக்கு என்ன சொல்கிறீர்கள்?

நடுத்தெருத் தாய்க்கும் ஒரு சொல். என் பேரப்பிள்ளைகளைத் தூக்கியது பெரும்பாலும் என் மனைவியும் மருமக்களும். நீங்கள் கேட்ட பிறகு நினைத்துப் பார்த்தேன். நீங்கள் கேட்டது சரியான கேள்வி. ஆனாலும் பிள்ளை கையில் வளர வேண்டும் என்பதில் என் எண்ணம் மாறவில்லை. தூக்கும் கையின் எண்ணிக்கையைக் கூட்டுவோம் என்பேன்.

மண்டபம் செவிலி:
இருசக்கர வண்டிக்கு 2022-இல் மத்திய அரசு விதி அறிவித்தது. நான்கு வயதுக்கு உட்பட்ட பிள்ளையை ஓட்டுநரோடு சேர்த்துக் கட்டும் பட்டை, ஒன்பது மாதத்துக்கு மேல் தலைக்கவசம், மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மிகாத வேகம் ஆகியவை வேண்டும் என்கிறது அது. ஒன்பது மாதத்துக்குக் குறைந்த பிள்ளையின் தலைக்கவசத்தைப் பற்றி அந்த விதி பேசவில்லை. பேசாததை அனுமதி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள் ஐயா; அந்த வயதுத் தலைக்குப் பொருந்தும் கவசமும் இல்லை, அதைத் தாங்கும் கழுத்தும் இல்லை. பேருந்தோ ஆட்டோவோ பரவாயில்லை என்றுதான் நான் வீடு வீடாகச் சொல்லி வந்தேன். அதிலும் முழுப் பாதுகாப்பு உண்டு என்று நான் சொல்லவில்லை.

தேவிபட்டினத்தான்:
அனைவருக்கும் நன்றி. நேற்று மாலை காரைச் சோதித்தேன். பின் இருக்கையின் சாய்வுக்கும் உட்காரும் பகுதிக்கும் நடுவே விரலை விட்டால் இரும்பு வளையம் தட்டுப்பட வேண்டும், கார் சீட்டை நேரடியாகப் பூட்டும் அதுதான் ஐசோஃபிக்ஸ் என்று மைத்துனர் சொல்லியிருந்தார். என் வண்டியில் அது இல்லை. ஆகவே பெல்ட்டாலேயே பூட்டும் சீட்தான் வேண்டும். அலுவலக நண்பரின் கார் சீட்டை வாங்கி வைத்துப் பார்த்தபோது இன்னொன்று தெரிந்தது: பெல்ட் சீட்டின் முதுகைச் சுற்றி வந்து பூட்டில் சேர வேண்டும், வலப்பக்கம் நான்கு விரல் அளவுக்குப் பற்றவில்லை, இடப்பக்கம் சரியாக எட்டியது. நடுவில் இடுப்புக்கு மட்டுமே பெல்ட் இருப்பதால் அங்கே வைக்கவே முடியாது. ஐரோப்பியத் தரத்தைக் காட்டும் ஆர்44 அல்லது ஆர்129 முத்திரை ஒட்டியிருக்கிறதா என்று பார்த்து வாங்கச் சொல்லிவிட்டேன். வெயிலில் நிறுத்திய காரில் அந்த நண்பரின் சீட்டுப் பூட்டைத் தொட்டபோது கை சுட்டது. பிள்ளையை வைக்கும் முன் பூட்டைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்பதை அப்போதுதான் உணர்ந்தேன்.

தள்ளுவண்டி வேண்டாம் என்ற முடிவுக்கு ஏறத்தாழ வந்துவிட்டேன்.

நடுத்தெரு உம்மா:
தம்பி, கோபப்படாமல் கேளுங்கள். இவ்வளவு நேரமாக நீங்களும் உங்கள் மைத்துனரும் உங்கள் அம்மாவும் என்ன நினைக்கிறீர்கள் என்று படித்தோம். வண்டியைத் தள்ளப்போகிறவர் உங்கள் மனைவி. அவர் என்ன சொல்கிறார்?

தங்கச்சிமடத்துப் பெண்:
நான்தான் அந்த மனைவி. நடுத்தெரு லாத்தாவின் கேள்வியைப் படித்துவிட்டு என் கணவரே கைபேசியை என்னிடம் கொடுத்தார்.

இப்போது மீன்பிடித் தடைக்காலம் என்பதால் அப்பாவும் தம்பியும் வீட்டில் இருக்கிறார்கள். பிள்ளையைத் தூக்க ஆள் இருக்கிறது என்று இவர் நினைப்பது அதனால்தான். ஜூன் 14-ஆம் தேதியோடு தடை முடிகிறது; பிள்ளை பிறக்கப்போவதும் அந்த வாரமே. அதன் பின் இருவரும் கடலுக்குப் போய்விடுவார்கள். வீட்டில் நானும் முழங்கால் வலியோடு அம்மாவும் இருப்போம். எனக்குத் தள்ளுவண்டி வேண்டும். எந்த வண்டி என்பதுதான் கேள்வி.

எதிர்வீட்டு அக்காவிடம் ஒரு தள்ளுவண்டி இருக்கிறது. பட்டறைக்காரர் சொன்ன அதே சிறிய இரட்டைச் சக்கரம். அதில் ஐந்து கிலோ அரிசிப் பையைத் துண்டில் சுற்றிக் கிடத்தி, பெல்ட்டைப் பூட்டி, வாசலிலிருந்து சாலை வரை தள்ளிப் பார்த்தேன். மூன்றாவது எட்டிலேயே முன்சக்கரம் பாதி புதைந்தது. பக்கத்தில் வந்த அப்பா வண்டியைத் திருப்பிப் பின்னோக்கி இழுத்தார். சாலை வரை வந்தது, ஆனால் கரையில் படகு இழுக்கிற தடம் போல இரண்டு வாய்க்கால் விழுந்தன. பையை எடுத்துப் பார்த்தேன். அது பெல்ட்டுக்குள் ஒரு சாண் கீழே நழுவியிருந்தது. அதே வண்டி கோவிலுக்குப் போகும் சிமெண்ட் சாலையில் என் ஒற்றைக் கைக்கு வந்தது. சாயங்காலம் வெயில் தாழ்ந்த பிறகு அந்தச் சாலையில் அரை மணி நேரம் நடக்க வேண்டும் என்பதே என் ஆசை.

அதனால் இப்படி நினைக்கிறேன். அண்ணன் கார் சீட் மட்டும் கொண்டுவரட்டும். வண்டியை இங்கேயே, சக்கரத்தையும் மூட்டையும் கையால் தொட்டுப் பார்த்து வாங்குகிறோம். பிறந்த நாள் முதல் வைக்கலாம் என்று அதிலேயே எழுதியிருக்க வேண்டும். முதுகு முழுத் தட்டையாகச் சாய வேண்டும். ஐந்து இடத்தில் பிடிக்கும் பெல்ட் இருக்க வேண்டும். பிள்ளை என்னைப் பார்க்கும்படி திருப்ப முடிய வேண்டும். வண்டியின் எடை 9 கிலோவுக்கு மேல் போகக் கூடாது. வாசலில் இருந்து சாலை வரை அந்த மணலுக்குச் செவிலி அக்கா சொன்ன புடவைக் கட்டு. வண்டியைச் சாலையோரம் எதிர்வீட்டுத் திண்ணையிலேயே நிறுத்திக்கொள்ள அக்கா சரி என்றுவிட்டார்.

நடுத்தெரு உம்மா:
உங்கள் விருப்பம் தங்கச்சி, நல்ல யோசனைதான். முழுத் தட்டை என்று எழுதியிருப்பதை மட்டும் நம்பாதீர்கள். சாய்த்துவிட்டு உள்ளங்கையை விரித்து இருக்கை முழுவதும் அழுத்திப் பாருங்கள். சில வண்டிகளில் இடுப்புப் பகுதி குழிந்திருக்கும், பிள்ளை அதற்குள் சுருண்டுவிடும். படுக்கைத் தொட்டியே மேல் என்று நான் இப்போதும் நினைக்கிறேன். இரண்டு பிள்ளைகளுக்கு ஆகும் பொருள் அது.

உச்சிப்புளி பட்டறை:
வண்டி வாங்கியதும் பிள்ளை பிறக்கும் முன்பே ஒரு முறை பட்டறைக்குக் கொண்டுவாருங்கள். அச்சையும் வெளியே தெரியும் ஆணிகளையும் துருப்பிடிக்காத எஃகில் மாற்றித் தருகிறேன். அரை நாள் வேலை. திண்ணையில் நிறுத்தும்போது காலால் மிதிக்கும் பிரேக்கை மட்டும் நம்பாமல், பின்சக்கரத்தின் குறுக்கே ஒரு கல்லையும் வையுங்கள். அந்தத் திண்ணை எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது, கச்சானுக்கு மறைவு உண்டா?

தங்கச்சிமடத்துப் பெண்:
வடக்கு பார்த்த திண்ணை அண்ணா. தெற்கிலும் மேற்கிலும் சுவர் இருக்கிறது. இந்தச் சனிக்கிழமை ராமநாதபுரம் கடைக்குப் போகிறோம். அரிசிப் பையையும் எடுத்துப் போகிறேன்.